மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை – கணினிக்கு மட்டும் சாம்பல் ஏன்?



மின்னிலக்க ஓவியத்தில் நிறங்கள் எப்படிக் கலக்கின்றன என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் இது கணினி படித்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று எழுந்து போய்விட வேண்டாம். இது நம் வீட்டுப் பிள்ளைகளின் கல்வியைத் தொடுகின்ற விஷயம்.

ஒரு சிறு கேள்வியிலிருந்து தொடங்குவோம். மஞ்சளையும் நீலத்தையும் கலந்தால் என்ன நிறம் வரும்? முதலாம் ஆண்டு மாணவரைக் கேட்டாலும் “பச்சை” என்று பளிச்செனப் பதில் வரும். காட்சிக்கலைக் கல்விப் பாடத்தில் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது. பிள்ளை தன் கையாலேயே கலந்து பார்த்தது. அதில் யாருக்கும் ஐயமில்லை.

அதே பிள்ளை வீட்டுக்கு வந்து டேப்லட் கணினியைத் திறக்கிறது. ஓவியச் செயலி ஒன்றில் திரை முழுவதும் சுத்தமான மஞ்சளைப் பூசுகிறது. அதன் மேல் சுத்தமான நீலத்தைப் பாதி ஒளி ஊடுருவும்படி வைத்துத் தூரிகையை இழுக்கிறது. பச்சை வருமா? பெரும்பாலான செயலிகளில் வராது. அடுப்புச் சாம்பலைப் போல ஒரு மங்கல் நிறம்தான் வரும்.

இப்பொழுது அந்தப் பிள்ளை யாரை நம்பும்? ஆசிரியர் சொன்னது தவறா? கணினி பொய் சொல்கிறதா? அல்லது தனக்குத்தான் கலக்கத் தெரியவில்லையா? மூன்றாவது எண்ணம்தான் ஆபத்தானது. “எனக்கு ஓவியம் வராது” என்று ஒதுங்கிப் போவதற்கு ஒரு பிள்ளைக்கு அதிகக் காரணம் தேவையில்லை.

இன்று பல குடும்பங்களில் வண்ணப் பெட்டியின் இடத்தை டேப்லட் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொட்டாது, தரை அழுக்காகாது, சாயம் தீர்ந்துபோனால் மறுபடி வாங்க வேண்டியதில்லை. “இது ஒன்றே போதாதா?” என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் உண்டு. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், நிறங்கள் கலப்பது என்றால் என்ன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒளி கூடுகிறது; சாயம் விழுங்குகிறது

நாம் பார்க்கின்ற வெள்ளை ஒளிக்குள் வானவில்லின் எல்லா நிறங்களும் அடங்கியிருக்கின்றன. இது ஐசக் நியூட்டன் முப்பட்டகக் கண்ணாடியைக் கொண்டு நிறுவிக் காட்டிய உண்மை.

தொலைக்காட்சித் திரையும் கணினித் திரையும் ஒளியை வெளியிடுகின்றன. திரையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறச் சிறு விளக்குகள் வரிசை வரிசையாகத் தெரியும. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் நம் கண் அதை மஞ்சள் என்று கொள்கிறது. மூன்றும் எரிந்தால் வெள்ளை. மூன்றும் அணைந்தால் கறுப்பு. ஒவ்வொரு விளக்கின் அளவையும் கணினி 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாக எழுதி வைத்துக்கொள்கிறது. சுத்தமான மஞ்சள் என்றால் 255, 255, 0. சுத்தமான நீலம் என்றால் 0, 0, 255.

சாயம் அப்படிப்பட்டதல்ல. அது தானாக ஒளிர்வதில்லை. அதன்மீது விழும் வெள்ளை ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. திருப்பி அனுப்பியதைத்தான் நாம் அதன் நிறம் என்கிறோம். மஞ்சள் சாயம் ஒளியின் நீலப் பகுதியை விழுங்கி, சிவப்பையும் பச்சையையும் திருப்பி அனுப்புகிறது. நீலச் சாயம் சிவப்புப் பகுதியை விழுங்கி, நீலத்தை அனுப்புகிறது. அதோடு கொஞ்சம் பச்சையையும் சேர்த்தே அனுப்புகிறது. இந்தக் ‘கொஞ்சம் பச்சை’தான் முக்கியம்.

இரண்டு சாயத்தையும் குழைத்துவிட்டால் என்ன நடக்கும்? மஞ்சள் தப்பவிட்ட சிவப்பை நீலம் விழுங்கிவிடும். நீலம் தப்பவிட்ட நீல ஒளியை மஞ்சள் விழுங்கிவிடும். இருவருமே அதிகம் விழுங்காத பச்சை ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே பச்சை அங்கே புதிதாகப் பிறப்பதில்லை. எல்லாம் போன பிறகு மிஞ்சி நிற்பது அது.

எல்லா நீலமும் மஞ்சளோடு ஒரே மாதிரிப் பச்சையைத் தராததற்கும் இதுவே காரணம். ஊதா பக்கம் சாய்ந்த அல்ட்ராமரைன் நீலம் பச்சை ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். அதை மஞ்சளோடு கலந்தால் மங்கிய பச்சைதான் வரும். பச்சைப் பக்கம் சாய்ந்த ஃப்தாலோ நீலத்தைக் கலந்தால் இளந்தளிர் போலப் பளிச்சென்று வரும். ஓவியர்கள் ஒரே நீலத்தில் இரண்டு மூன்று வகைகளை வாங்கி வைத்திருப்பது ஆடம்பரத்துக்காக அல்ல.

பம்பரம் சொல்லும் பாடம்

ஒளியைக் கலப்பதும் சாயத்தைக் கலப்பதும் வெவ்வேறு என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1852-ஆம் ஆண்டில் தெளிவாக எடுத்துரைத்தார். அதற்கு முன்பு பெரிய அறிஞர்களே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். 1855-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், நிறத் தாள்கள் பொருத்திய பம்பரத்தைச் சுழற்றிச் செய்த சோதனைகளை வெளியிட்டார்.

அந்தச் சோதனையை நாமும் வீட்டில் செய்யலாம். ஒரு பம்பரத்தின் தலையில் பாதி மஞ்சள், பாதி நீலம் பூசிக் காயவிடுங்கள். பிறகு கயிற்றைச் சுற்றி ஒரு விடு விடுங்கள். பம்பரம் வேகமாகச் சுழலும்போது தெரிவது இலைப்பச்சை அல்ல. சாம்பலை ஒட்டிய ஒரு மங்கல் நிறம். அங்கே சாயங்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை. மஞ்சளிலிருந்து வந்த ஒளியும் நீலத்திலிருந்து வந்த ஒளியும் நம் கண்ணுக்குள் வந்துதான் கலக்கின்றன.

தீபாவளி சமயத்தில் பேரங்காடிகளில் வண்ண அரிசியால் போடப்படும் பெரிய கோலங்களைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் அரிசியையும் நீல அரிசியையும் கலந்து கொட்டினால் ஒவ்வொரு மணியும் தன் நிறத்தோடுதான் கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சராசரியான ஒரு மங்கல் நிறம்தான் தெரியும். குழைத்த சாயம் தரும் பச்சை அங்கே கிடைக்காது. அதனால்தான் கோலம் போடுகிறவர்கள் பச்சை அரிசியைத் தனியே சாயமேற்றி வைத்துக்கொள்கிறார்கள்.

கணினியும் பம்பரத்தின் வேலையைத்தான் செய்கிறது. மஞ்சளின் 255, 255, 0 என்ற எண்களையும் நீலத்தின் 0, 0, 255 என்ற எண்களையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. மூன்று இடத்திலும் ஏறக்குறைய 128 வருகிறது. மூன்று விளக்கும் சமமாக எரிந்தால் அதன் பெயர் சாம்பல்.

கணினி பொய் சொல்லவில்லை, நேயர்களே. நாம் சாயத்தைப் பற்றிக் கேட்டோம். அது ஒளியைப் பற்றிப் பதில் சொன்னது. அவ்வளவுதான்.

அந்தப் பதிலிலும் ஒரு குறை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 255-இல் பாதி 128 என்பதால், 128 என்று எழுதினால் பாதி ஒளி வரும் என்று நினைப்போம். உண்மையில் முழு ஒளியில் சுமார் 22 விழுக்காடுதான் வரும். கணினிப் படங்களில் எண்கள் அப்படித்தான் எழுதப்படுகின்றன. இருட்டான பகுதிகளின் நுட்பமான வேறுபாடுகளை நம் கண் நன்றாக உணர்வதால், அந்தப் பகுதிக்கு அதிக எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் எண்களை அப்படியே சராசரி எடுத்தால், ஒளியின் கலவை என்ற முறையிலும் அது வேண்டியதைவிட இருண்டு போகும். இதைத் திருத்திக்கொண்ட மென்பொருள்கள் உண்டு. ஆனால் திருத்திய பிறகும் கிடைப்பது வெளிர் சாம்பல்தான். பச்சை வருவதற்கு வேறு கணக்கு வேண்டும்.

1931-இல் கிடைத்த கணக்கு

அந்தக் கணக்கு கணினி பிறப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 1931-இல் பவுல் குபெல்கா, ஃபிரான்ஸ் முங்க் என்ற இருவர் சாயப் பூச்சுகளின் ஒளியியலைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாயத் தொழிலிலும் நெசவுத் தொழிலிலும் காகிதத் தொழிலிலும் இன்றுவரை அவர்களின் பெயர் வழங்கி வருகிறது.

அவர்கள் எண்ணிப் பார்த்த விதம் எளிமையானது. சாயப் பூச்சை மிக மெல்லிய அடுக்குகளாக எண்ணிக்கொள்ளுங்கள். வெளிச்சம் மேலிருந்து கீழே இறங்குகிறது. ஒவ்வோர் அடுக்கிலும் கொஞ்சம் விழுங்கப்படுகிறது. கொஞ்சம் சிதறி மேல்நோக்கித் திரும்புகிறது. மேலே போகும் ஒளியும் வழியில் கொஞ்சம் விழுங்கப்படுகிறது, கொஞ்சம் மறுபடி கீழே சிதறுகிறது. ஆக ஒவ்வொரு நிறமிக்கும் இரண்டு குணங்கள். ஒன்று விழுங்கும் திறன். மற்றொன்று சிதறடிக்கும் திறன். இந்த இரண்டும் தெரிந்தால் கலவையின் நிறத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஏனென்றால், கலவையின் விழுங்கும் திறன் என்பது அதில் சேர்ந்த நிறமிகளின் திறன்களை அளவுக்கேற்பக் கூட்டியதுதான். சிதறடிக்கும் திறனும் அப்படியே.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். எளிமைக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரு மஞ்சள் சாயம் தன்மேல் விழும் சிவப்பு ஒளியில் 100-க்கு 80, பச்சையில் 80, நீலத்தில் 5 பங்கு திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நீலச் சாயம் சிவப்பில் 5, பச்சையில் 40, நீலத்தில் 60 பங்கு திருப்பி அனுப்புகிறது. இரண்டையும் சம அளவு கலக்கிறோம்.

பம்பரத்தின் கணக்குப்படி சராசரி எடுத்தால் சிவப்பு 42.5, பச்சை 60, நீலம் 32.5. மூன்றும் கிட்டக்கிட்ட நிற்கின்றன. எனவே அழுக்கேறிய, சாம்பல் கலந்த பச்சை.

குபெல்கா, முங்க் கணக்கில் முதலில் ஒவ்வோர் எண்ணையும் விழுங்கும் அளவாக மாற்ற வேண்டும். திரும்பும் பங்கை 1-இலிருந்து கழித்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, திரும்பும் பங்கின் இருமடங்கால் வகுக்க வேண்டும். சிவப்பு ஒளியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 80 பங்கு திருப்பி அனுப்பும் மஞ்சளுக்கு இந்த அளவு 0.025. 5 பங்கு மட்டுமே திருப்பி அனுப்பும் நீலத்துக்கு ஏறக்குறைய 9. எவ்வளவு பெரிய வேறுபாடு என்று பாருங்கள்! இரண்டின் சிதறடிக்கும் திறனும் சமம் என்று கொண்டு சராசரி எடுத்தால் சுமார் 4.5. அதை மறுபடியும் திரும்பும் ஒளியாக மாற்றினால் 100-க்கு 9 பங்குதான் வருகிறது. இப்படியே மூன்று பகுதிக்கும் செய்தால் சிவப்பு 9, பச்சை 51, நீலம் 9. இதுதான் நாம் கையால் கலந்தால் பார்க்கும் பச்சை.

இந்தக் கணக்கின் உட்பொருள் என்ன? சாயத்தில் விழுங்குகிறவன் கைதான் ஓங்கும். ஒருவன் 80 பங்கு கொடுக்கத் தயாராக இருந்தாலும் பக்கத்தில் நிற்பவன் விழுங்கிவிட்டால் பயனில்லை. சம்பாதிப்பவர் ஒருவர், செலவழிப்பவர் ஒருவர் என்று இருக்கும் வீட்டில் மாதக் கடைசியில் எது மிஞ்சுமோ, அதுபோலத்தான்.

தெரிந்தும் ஏன் இத்தனை ஆண்டு?

1931-இல் கணக்கு தெரிந்துவிட்டது. வீட்டுச் சுவருக்குப் பூசும் சாயத்தில் மாதிரி ஒன்றைக் கொடுத்தால், அதன் நிறத்தைக் கருவியால் அளந்து, எந்தெந்த நிறமி எவ்வளவு என்று சொல்லும் கணினி முறைகளும் இந்தக் கணக்கின் வழி வந்தவையே. சுவருக்கு வந்த வசதி ஓவியத் திரைக்கு ஏன் வரவில்லை?

வராமலே போய்விடவில்லை, ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. 1997-இல் அமெரிக்காவில் கணினியால் நீர்வண்ண ஓவியம் வரையும் முறையை விளக்கிய காசிடி கர்டிஸ் குழுவினரின் கட்டுரை, குபெல்கா, முங்க் கணக்கையே பயன்படுத்தியது. 2004-இல் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பேக்ஸ்டர் குழுவினர், கெட்டியான எண்ணெய்ச் சாயத்தைப் போல வரையக்கூடிய ஒரு முறையில் அதைக் கையாண்டார்கள். ஆனாலும் நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஓவிய மென்பொருள்கள் பழைய சராசரிக் கணக்கை விடவில்லை. அதற்கு மூன்று தடைகள் இருந்தன.

முதல் தடை, கணக்கின் சுமை. உண்மையான நிறமியை விவரிக்கச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள் போதாது. வானவில்லைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் விழுங்கும் திறன், சிதறடிக்கும் திறன் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். 3,000-க்கு 2,000 படப்புள்ளி கொண்ட படத்தில் 60 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் இத்தனை எண்களைச் சுமந்துகொண்டு, தூரிகை நகரும் வேகத்துக்குக் கணக்குப் போட்டாக வேண்டும்.

இரண்டாம் தடை, சாயத்தின் எல்லை. திரையில் தெரியும் கண்ணைப் பறிக்கும் சில நிறங்களை எந்த நிறமியைக் கலந்தாலும் உண்டாக்க முடியாது. ஓவியர் அப்படி ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தால், “இந்தச் சாயம் கடையில் இல்லை” என்று கணினி சொல்லிவிட முடியுமா?

மூன்றாம் தடை, பழக்கம். மென்பொருள்களின் எல்லாக் கருவிகளும், படக் கோப்புகளும் மூன்று எண்களை நம்பியே கட்டப்பட்டவை. அடித்தளத்தை மாற்றினால் வீடு முழுவதையும் இடித்துக் கட்ட வேண்டும்.

பிராகிலிருந்து வந்த விடை

2020-இல் வெளிவந்த மைபெயிண்ட் 2.0 என்ற இலவச ஓவிய மென்பொருள் ஒரு நல்ல முயற்சி. அது மூன்று எண்களையும் வானவில்லின் பத்துத் துண்டுகளாக விரித்துக்கொண்டு, கூட்டி வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கல் சராசரி எடுக்கிறது. பெருக்கும்போது ஓர் எண் மிகச் சிறியதாக இருந்தால் விடையும் சிறிதாகிவிடும். விழுங்குகிறவன் கை ஓங்கும் என்று சொன்னோமே, அந்தக் குணம் இப்படிக் கிடைத்துவிடுகிறது.

அடுத்த ஆண்டு, 2021-இல், பிராக் நகரிலுள்ள செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷார்கா சொகோரோவா, ஒண்ட்ரெய் யம்ரிஷ்கா ஆகிய இருவர் மிக்ஸ்பாக்ஸ் என்ற முறையை வெளியிட்டார்கள். மூன்று தடைகளையும் அவர்கள் தாண்டிய விதம் அழகானது.

அவர்கள் நான்கே நிறமிகளை எடுத்துக்கொண்டார்கள். ஃப்தாலோ நீலம், குயினாக்ரிடோன் மெஜந்தா, ஹன்சா மஞ்சள், டைட்டானியம் வெள்ளை. ஓவியர் திரையில் எந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தாலும், “இந்த நான்கையும் என்ன விகிதத்தில் கலந்தால் இந்த நிறத்துக்கு மிக அருகில் போகலாம்?” என்று முறை கண்டுபிடித்துக்கொள்கிறது. நிறமிகளால் எட்ட முடியாத பகுதி ஏதும் இருந்தால் அதை ‘மிச்சம்’ என்று தனியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது.

இரண்டு நிறங்களைக் கலக்கும்போது நிறமி விகிதங்களைத் தனியே கலக்கிறது. மிச்சத்தைத் தனியே கலக்கிறது. கலந்த விகிதத்துக்குக் குபெல்கா, முங்க் கணக்குப்படி என்ன நிறம் என்று பார்த்து, மிச்சத்தையும் சேர்த்து, மறுபடி அதே பழைய மூன்று எண்களாகத் திருப்பித் தந்துவிடுகிறது. கலக்காத நிறம் சற்றும் மாறாமல் அப்படியே இருக்கும். நிறத்தை விகிதமாக மாற்றும் கடினமான கணக்கை முன்கூட்டியே போட்டு அட்டவணையாக்கி வைத்திருப்பதால் வேகமும் குறையவில்லை. வாய்ப்பாடு மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளை விரல் விட்டு எண்ணாமல் விடை சொல்கிறதே, அந்த உத்திதான்.

மென்பொருளின் மற்ற பகுதிகளுக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. மூன்று எண்களைக் கொடுக்கின்றன, மூன்று எண்களை வாங்கிக்கொள்கின்றன. வீட்டை இடிக்காமல் விளக்கை மட்டும் மாற்றியது போல. சுலோவாக்கியாவில் உருவாக்கப்படும் ரெபெல் என்ற ஓவிய மென்பொருளின் 5 ப்ரோ பதிப்பு இந்த முறையைச் சேர்த்துக்கொண்டது.

பச்சை மட்டும் அல்ல

இதனால் கிடைப்பது ஒரு பச்சை மட்டும்தானா என்று கேட்கலாம். இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, வெள்ளையின் வேலை. குழாயிலிருந்து பிதுக்கிய ஃப்தாலோ நீலம் கறுப்பு என்று எண்ணத் தோன்றும் அளவுக்கு இருண்டிருக்கும். அதில் கொஞ்சம் வெள்ளை சேர்த்ததும், உள்ளே ஒளிந்திருந்த நீலம் பளீரென்று வெளியே வரும். இன்னும் வெள்ளை சேர்த்தால்தான் வெளிறும். சராசரிக் கணக்கில் இந்த மலர்ச்சி நடக்காது. இருண்ட நீலத்தில் வெள்ளை சேரச் சேர நேராக வெளிறிச் சாம்பல் பூத்துப்போகும். கணினியில் வரைந்த பல படங்களின் நிழல்களும் வானங்களும் சுண்ணாம்பு பூசியதுபோல் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, நிறமியின் பலம். ஒரு கரண்டி மஞ்சளில் ஒரு கரண்டி ஃப்தாலோ நீலத்தைப் போட்டால் மஞ்சள் இருந்த இடம் தெரியாது. ஒரு துளி போதும். கறிக்குழம்பில் உப்பும் உருளைக்கிழங்கும் ஒரே அளவில் போடுவதில்லை அல்லவா? சராசரிக் கணக்குக்கு எல்லா நிறமும் சம பலம். நிறமிக் கணக்குக்கு ஒவ்வொன்றும் தனிப் பலம்.

கணக்கின் எல்லை

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தக் கணக்கால் முடியாததையும் சொல்வதுதான் முறை.

ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் வெள்ளைச் சுண்ணாம்பைச் சேர்க்கிறோம். மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் இளமஞ்சள்தானே வர வேண்டும்? ஆனால் தண்ணீர் சிவந்து போகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை மஞ்சளிலுள்ள நிறப்பொருளையே மாற்றிவிடுகிறது. இது கலவையன்று, வேதி மாற்றம். பம்பரத்தின் கணக்கும் இதைச் சொல்லாது, குபெல்கா, முங்க் கணக்கும் இதைச் சொல்லாது.

நீர்வண்ணம் காய்ந்த பிறகு வெளிறிப் போவது, காகிதத்தின் சொரசொரப்பு, தண்ணீர் ஓடிய விளிம்பில் சாயம் தங்கிக் கோடு போடுவது ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கணக்குகள் தேவைப்படுகின்றன. மேலும், மிக்ஸ்பாக்ஸ் அறிந்தது நான்கு நிறமிகளைத்தான். நம் பிள்ளையின் பையில் இருக்கும் மலிவு விலை வண்ணக் குழாயில் என்ன நிறமி இருக்கிறதோ, அதன் நடத்தை வேறாக இருக்கலாம்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

பெற்றோருக்கு முதலில் சொல்கிறேன். டேப்லட்டைப் பிடுங்கி வைக்கச் சொல்லவில்லை. ஓவியச் செயலி வாங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்துச் சோதித்துப் பாருங்கள். மஞ்சளின் மேல் நீலத்தைக் கலந்து பச்சை வருகிறதா என்று பாருங்கள். இருண்ட நீலத்தில் வெள்ளையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நீலம் முதலில் மலர்கிறதா, நேராகச் சாம்பல் பூக்கிறதா என்று பாருங்கள். எது சாயத்தின் கணக்கைப் போடுகிறது, எது பம்பரத்தின் கணக்கைப் போடுகிறது என்பது தெரிந்துவிடும். எதை வாங்கினாலும் மூன்று நிறம், ஒரு வெள்ளை, ஒரு தூரிகை வீட்டில் இருக்கட்டும். திரையில் சாம்பல் வரும்போது பிள்ளை தன் கையால் கலந்து பார்த்துக்கொள்ளும். யார் தவறு என்ற கேள்விக்கே அப்போது இடமிராது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த முரண்பாட்டை மறைக்காதீர்கள், அதையே பாடமாக்குங்கள். ஒரு மேசையில் பம்பரம், ஒரு மேசையில் வண்ணத் தட்டு, ஒரு மேசையில் கணினி. மூன்றிலும் அதே மஞ்சள், அதே நீலம். விடை மட்டும் ஏன் வேறு? காட்சிக்கலை வகுப்பில் தொடங்கிய கேள்வி அறிவியல் வகுப்பில் போய் முடியும். நிறத்துக்குப் பெயர் மனப்பாடம் செய்த பிள்ளையைவிட, நிறம் ஏன் அப்படித் தெரிகிறது என்று கேட்கத் தெரிந்த பிள்ளை ஒரு படி மேல்.

கணினி படிக்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மிக்ஸ்பாக்ஸை வணிக நோக்கமில்லாத வேலைகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். விற்பனைக்குச் செய்யும் மென்பொருளில் சேர்ப்பதானால் உரிமம் பெற வேண்டும். ஆனால் 1931-இல் எழுதப்பட்ட கணக்கு உலகத்துக்கே பொதுச் சொத்து. அதை எடுத்து நீங்களே ஒரு சிறு நிரல் எழுதிப் பார்க்கலாம். நான் மேலே சொன்ன எண்களைப் போட்டு 9, 51, 9 வருகிறதா என்று சரிபார்க்கலாம்.

நிறைவாக ஒன்று. கணினியில் வருகின்ற எந்த விடைக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த ஒரு கணக்கு இருக்கிறது. பல சமயங்களில் அது சரியான கணக்கு என்பதால் அல்ல, சுலபமான கணக்கு என்பதாலேயே அங்கே இருக்கிறது. மஞ்சளும் நீலமும் சாம்பலாகிப் போனதன் கதை அதுதான். திரையில் தெரிவதை அப்படியே இயற்கையின் சட்டம் என்று எடுத்துக்கொள்ளாமல், “இது எந்தக் கணக்கு?” என்று கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு ஏற்படுத்துவோம். நிறத்தில் தொடங்கும் அந்தப் பழக்கம் அவர்களுக்கு நாளை வேறு பல இடங்களிலும் கைகொடுக்கும்.